குடத்தைக் கும்பிட்டு ஓலையைக் கிழித்தவர்கள்

2020 டிசம்பர் 10. டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. மேடையில் பிரதமர் மோடி உத்திரமேரூரின் பெயரைச் சொன்னார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த ஊர். சொத்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய சொந்தக்காரரும் தேர்தலில் நிற்கவே முடியாது என்று அன்றைக்கே விதித்த ஊர். இந்தியா ஜனநாயகத்தின் தாய் என்பதற்கு இந்த ஊரும் ஒரு சாட்சி என்ற பொருளில் பேசினார்.

தாய் சௌக்கியமாக இருக்கிறாளா என்று யாராவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

அன்றைய தேதியில் உத்திரமேரூர் பேரூராட்சிக்குத் தலைவர் கிடையாது. துணைத்தலைவர் கிடையாது. ஒரு வார்டு உறுப்பினர்கூடக் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துபோயிருந்தது. தனி அலுவலர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவிளக்கு எரியாவிட்டால் அவரிடம் போக வேண்டும், அல்லது கல்வெட்டுள்ள கோயிலின் வைகுண்டப் பெருமாளிடம் போக வேண்டும். பெருமாளாவது தினமும் நேரத்துக்கு நடை திறக்கிறார்.

நடந்தது இதுதான். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். இடஒதுக்கீடு சரியில்லை என்று தி.மு.க. வழக்குப் போட்டது. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்தது. சரி, தப்பைத் திருத்தி இரண்டு மாதத்தில் நடத்துவார்கள் என்று நினைத்தவர்கள் பாவம். வார்டு வரையறை என்றது அ.தி.மு.க. அரசு. மேல்முறையீடு என்றது. பிறகு எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களின் கிராமங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரித்த மாவட்டங்கள் என்று காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பதை ஓரமாக உட்காரவைத்தார்கள். எங்கள் ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் வாக்குச்சீட்டு வந்தது. உத்திரமேரூர் போன்ற பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19.

ஐந்து வருடம் நான்கு மாதம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியத்துக்கு, அதாவது குழுவுக்கு, ஆயுள் 360 நாள். அந்தக் கணக்கில் ஐந்து வாரியம் வந்து போயிருக்க வேண்டிய காலம். அந்தக் கல்வெட்டுக் காலத்து மன்னன் பராந்தகச் சோழன் குதிரையில் வந்து பார்த்திருந்தால், ஊரை எந்தப் பகைவன் பிடித்தான் என்று கேட்டிருப்பான். ஒருவரும் பிடிக்கவில்லை மன்னா, ஒத்திவைத்திருக்கிறார்கள்.

இந்த ஐந்து வருடத்தில் கல்வெட்டு மண்டபத்துக்கு வந்து போன கார்களுக்குக் குறைவில்லை. கல்லூரிப் பிள்ளைகள், ஐ.ஏ.எஸ். பயிற்சி பெறுகிறவர்கள், கேமராவோடு வெளிநாட்டார் என்று வந்துகொண்டேயிருந்தார்கள். ஒருவர்கூட வெளியே வந்து, ஆமாம், இப்போது உங்கள் குடம் எங்கே என்று கேட்டதாகத் தெரியவில்லை.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசிவிடுவோம். பெருமை பேசுகிறவர்களில் எத்தனை பேர் அதை முழுக்கப் படித்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தேகம். 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய இரண்டு சாசனங்கள். ஊர் முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. குடத்தில் பெயர் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் கொஞ்சம் குறைந்தால், வேதத்தைக் கூடுதலாகப் படித்து ஈடுகட்டலாம். ஏனென்றால் இது சதுர்வேதிமங்கலம், பிராமணருக்குக் கொடுத்த ஊர். சபையும் அவர்களுடையது.

ஆக, ஓலைக்குப் பனையேறியவன் பெயர் குடத்துக்குள் இல்லை. குடம் வனைந்தவன் பெயர் இல்லை. சுவரில் இந்த விதிகளை உளி பிடித்து வெட்டினானே, அவன் பெயரும் இல்லை. பெண் பெயர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்றைக்கு உத்திரமேரூர் அடங்கிய காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி ஒரு தனித்தொகுதி. 2009-ல் வென்ற விஸ்வநாதன், 2014-ல் வென்ற மரகதம், 2019, 2024 இரண்டிலும் வென்ற செல்வம், இவர்களில் ஒருவரையும் அந்தச் சபை வாசலில்கூட நிற்கவிட்டிருக்காது. வயது வந்த எல்லாருக்கும் அரசியல் சட்டம் கொடுத்த ஓட்டை 1952-ல் போட்ட அன்றைக்குத்தான் இந்த ஊருக்கு ஜனநாயகம் வந்தது. அந்த நாளுக்கு இங்கே மண்டபம் கிடையாது, பலகை கிடையாது, எந்தப் பிரதமரும் பேசுவதில்லை. நம்மை உள்ளே விடாத குடத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறோம். நம்மை உள்ளே விட்ட ஓட்டுப் பெட்டியை ஐநூறு ரூபாய்க்கு விற்கிறோம்.

அந்தப் பெட்டியின் கதையும் ஒன்றும் சாதாரணமானதல்ல. 1952 முதல் தேர்தலில் காஞ்சிபுரம் என்றே ஒரு தொகுதி இருந்தது. காங்கிரஸ் வேண்டாம் என்று முடிவெடுத்த மக்கள் காமன்வீல் கட்சியின் டாக்டர் ஏ. கிருஷ்ணசாமியை அனுப்பினார்கள். ஓட்டுப் போட்ட மை காய்வதற்குள், அதே காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர், சென்னையில் ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபையில் மந்திரி. அந்த ராஜாஜியோ எந்தத் தொகுதியிலும் நிற்காமல் மேலவை நியமனம் வழியாக முதலமைச்சரானவர். எதிர்த்து ஓட்டுப் போட்டால் எதிரிக்கே போய்ச் சேரும் என்ற பாடத்தை இந்தப் பக்கத்து வாக்காளன் முதல் வகுப்பிலேயே படித்துவிட்டான்.

பிறகு காஞ்சிபுரம் வரைபடத்திலிருந்தே காணாமல்போனது. 1957 முதல் 2004 வரை எல்லாம் செங்கல்பட்டுதான். அந்த அரை நூற்றாண்டில் வந்து போனவர்களில் எல்லாரையும் நிறுத்திப் பேச எனக்குப் பொறுமை இல்லை, ஒருவரைத் தவிர. சி. சிட்டிபாபு. சென்னை மேயராக இருந்தவர். 1967-லும் 1971-லும் செங்கல்பட்டிலிருந்து தி.மு.க. உறுப்பினராகப் போனவர். நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தில் பிடித்துச் சென்னை மத்தியச் சிறையில் போட்டு அடித்தார்கள். 1977 ஜனவரியில் செத்துப்போனார். அவர் எழுதிவைத்த சிறைக்குறிப்பு, பிறகு அந்தச் சிறைக் கொடுமைகளை விசாரித்த நீதிபதி இஸ்மாயில் கமிஷனுக்குச் சாட்சியமானது. மக்கள் அனுப்பிய ஒரு பிரதிநிதியை அரசாங்கமே அடித்த கதை அது. மூன்றே வருடத்தில், 1980-ல், அடித்த அரசை நடத்திய காங்கிரசோடு அடிபட்ட கட்சி கைகோத்துக்கொண்டது. செங்கல்பட்டு அந்தக் கூட்டணிக்கே ஓட்டுப் போட்டு, இரா. அன்பரசு என்ற காங்கிரஸ்காரரை அனுப்பியது. இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எல்லாரையும் திட்டலாம் என்றால் நானும் அந்த வரிசையில் வருகிறேன்.

1999-ல் பா.ம.க.வின் ஏ.கே. மூர்த்தி பா.ஜ.க. அணியில் நின்று ஜெயித்தார். 2004-ல் அதே மூர்த்தி, அதே தொகுதியில், காங்கிரஸ் அணியில் நின்று ஜெயித்தார். வேட்பாளர் மாறவில்லை, வாக்காளர் மாறவில்லை, நாடு மட்டும் இடையில் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. இடையே ரயில்வே இணை மந்திரியாகவும் இருந்தார். உத்திரமேரூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோ, அதையும் விட்டால் கல்வெட்டைப் படித்தபடி நிற்கலாம்.

2009-ல் தொகுதி மறுசீரமைப்பில் காஞ்சிபுரம் என்ற பெயர் திரும்பி வந்தது. செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம், உத்திரமேரூர், காஞ்சிபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அந்த முறை பதிமூன்றாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் காங்கிரஸ். 2014-ல் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசத்தில் அ.தி.மு.க. 2019-ல் இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டி தி.மு.க. 2024-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டி மறுபடி தி.மு.க. 2019 வரை வித்தியாசம் லட்சங்களில் ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஊரில் வேறு ஒன்றும் இந்த வேகத்தில் ஏறவில்லை, மனையின் விலையைத் தவிர.

இனி அந்தக் கணக்கு விவகாரம். கல்வெட்டில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக் கூடாது. அதோடு விடவில்லை அந்தக் கிழவர்கள். அவனுடைய சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமன், சித்தப்பன் பெரியப்பன், உடன்பிறந்தவன், மாமனார், மச்சான், தங்கை புருஷன், தங்கை பிள்ளை, மருமகன், அப்பன், மகன், ஒருவன் பெயரும் விழக் கூடாது. மனிதரைப் பற்றி என்ன ஒரு ஞானம். சுவிஸ் வங்கி இல்லாத காலத்திலேயே பணம் எந்த மச்சான் வீட்டுப் பரணில் ஏறும் என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். பிறன் பொருளைக் கவர்ந்தவன், பொய்ப் பத்திரம் எழுதியவன், தண்டனையாகக் கழுதை ஏறியவன் எல்லாருக்கும் தடை.

இந்த ஒரு விதியை மட்டும் நாளைக் காலையில் அமலுக்குக் கொண்டுவாருங்கள். வாரிசு இல்லாத கட்சி எது, மருமகன் இல்லாத மாவட்டச் செயலாளர் யார்? தமிழ்நாட்டில் வேட்புமனு வாங்கும் அதிகாரி மேசையில் தலைவைத்துத் தூங்கலாம். கழுதைகளும் நிம்மதியாக இருக்கும்.

இன்றைய சட்டத்திலும் கணக்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. முடிவு வந்த முப்பது நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்கத் தடை. மச்சானுக்குத் தடையில்லை. கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. ஆறு சட்டமன்றத் தொகுதியில் 95 லட்சத்தில் தேர்தல் நடத்திய உத்தமர்கள் நம் ஊரில் கல்யாணம் நடத்துகிறவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். பக்கத்தில் வேலூரில் 2019-ல் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி நடத்தினார்கள். பணம் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு வந்தது.

பிரதமர் டெல்லியில் உத்திரமேரூரின் கணக்கு விதியை மெச்சிப் பேசிய அந்த நாளில், தேர்தல் பத்திரத் திட்டம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது குடிமகனுக்குத் தெரியவே கூடாது என்று சட்டம் போட்டு ஓட்டிய திட்டம். கணக்குக் காட்டாதே என்பதைக் காகிதத்தில் சட்டமாக்கிவிட்டு, கணக்குக் காட்டு என்ற கல்லைப் பார்த்துக் கைதட்டினார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிகிறவரைக்கும் பெரிய கட்சிகள் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுதான் இருந்தன, திராவிடமும் தேசியமும் ஒரே கவுன்டரில். வாங்க மறுத்த கம்யூனிஸ்டுகள் விதிவிலக்கு. அவர்களுக்கு எங்கள் தொகுதியில் டெபாசிட் கிடைப்பதே பெரிய விஷயம்.

கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று உண்டு. ஆறு பேர். மடை, மதகு, கரை, தூர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது, அதைக் காப்பாற்றத்தான் சபையே கூடியிருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றும். இன்றைக்கு அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பரந்தூரில், பல கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்து விமான நிலையம் கட்டுவதாக 2022-ல் முடிவெடுத்தார்கள். அதில் வயல் உண்டு, வீடு உண்டு, ஏரி உண்டு. மத்தியில் ஆண்ட பா.ஜ.க.வும் மாநிலத்தில் ஆண்ட தி.மு.க.வும் அடித்துக்கொள்ளாமல் உடன்பட்ட அபூர்வ விஷயங்களில் இது ஒன்று.

அந்தக் கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்து ஜனங்கள் சட்டப்படி கிராமசபை கூட்டினார்கள். வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். மறுபடி கூட்டினார்கள், மறுபடி போட்டார்கள். ஒவ்வொரு கிராமசபையிலும் அதே தீர்மானம். இரவு இரவாக உட்கார்ந்து போராடினார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். சபை கூடி எடுத்த முடிவுக்கு மதிப்பு என்ன என்று அவர்களுக்கு இந்த மூன்றாவது ஆயிரமாண்டில் புரியவைத்துவிட்டார்கள்.

அவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். தீர்மானத்தை இனி மினிட் புத்தகத்தில் எழுதாதீர்கள், பேப்பர் கலெக்டர் ஆபீஸோடு நின்றுவிடும். ஒரு கல்தச்சரைக் கூப்பிட்டு, ஊர்க் கோயில் சுவரில் ஆழமாக வெட்டிவிடுங்கள். ஆயிரத்து நூறு வருடம் கழித்து, ஓடுபாதையைத் தோண்டும்போது அது கிடைக்கும். அன்றைக்கு இருக்கும் பிரதமர் அதை எடுத்துப் படித்து, ஆகா, அந்தக் காலத்திலேயே மக்கள் சபை கூடி முடிவெடுத்திருக்கிறார்கள் என்று கண்கலங்கிப் பேசுவார்.