மாப்ள, ப்ளக்கைக் கழட்டு!

எழுமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய வண்டி நாலு உதை வாங்கியும் கிளம்பவில்லையா, டீ கிளாஸும் கையுமாகச் சித்தப்பா வந்து நிற்பார். எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். என்ன ஏது என்று விசாரிக்க மாட்டார். "மாப்ள, ப்ளக்கைக் கழட்டு!"

டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம். ஹாரன் அடிக்கவில்லை என்று போனாலும் ப்ளக்கைத்தான் கழட்டச் சொல்வார். "ஓசூர்ல டிவிஎஸ் 50 வந்துச்சே 1980ல, அப்பப் புடிச்ச ஸ்பேனர்டா இது" என்று இடுப்பிலிருந்து உருவுவார்.

கழட்டிய ப்ளக்கை, நோயாளியின் நாக்கைப் பார்க்கும் வைத்தியர் மாதிரி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கன்னங்கரேலென்று கரி கட்டியிருந்தால், "ஆயில் சாஸ்தி." நனைந்திருந்தால், "பெட்ரோல் ஏறிருச்சு, சோக்கை இழுத்தியாக்கும்?" வெள்ளையாக வெந்திருந்தால், "பெட்ரோல் பத்தலை, இன்ஜின் காயுது." காபிப்பொடி நிறத்தில் இருந்தால் ப்ளக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் சித்தப்பாவின் முகம் வாடும்.

அதற்காக விட்டுவிடுவாரா? உப்புத்தாள் வரும். தேய்ப்பார், ஊதுவார், வேட்டியில் துடைப்பார். முனையின் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து, கல்லில் ஒரு தட்டு தட்டுவார். பிறகு ப்ளக்கை இன்ஜின் மேல் சாய்த்து வைத்து, "கேப்பைப் புடிச்சுக்க மாப்ள, பொறி வருதான்னு பார்ப்போம்" என்று வண்டிக்காரனிடமே கொடுத்துவிட்டு அவரே உதைப்பார். பொறி வந்ததா என்று யாரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. மாப்ளை போடும் கத்தலே சொல்லிவிடும். "கரண்டு நல்லா இருக்கு" என்று மிச்ச டீயைக் குடிப்பார்.

பழைய புல்லட்டுக்கும் இதே கதிதான். ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரைக் கொஞ்சம் இறக்கி, பிடியை விட்டபிறகு நிதானமாக உதைக்க வேண்டிய வண்டி அது. அதையெல்லாம் சொன்னால், "அது கெடக்குது, ப்ளக்கு!" என்பார்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டிக்குப் பூமூட்டை ஏற்றிப்போகிற பையனின் வண்டி விடியற்காலை இருட்டில் நின்றுபோனால், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ரோட்டில் உட்காருகிற ஆள் அவர் ஒருவர்தான். ப்ளக்கில் அடைத்த கரியைச் சுரண்டி வண்டியைக் கிளப்பியும் விடுவார். காசு கொடுத்தால் கோபம் வரும்.

ஆனால் பையன் அடுத்த வாரமும் அதே இடத்தில் நிற்பான். ப்ளக்கில் தெரிவது நோயின் அடையாளம்தான்; நோய் இருப்பது வேறு இடத்தில். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலை அளக்காமல் ஊற்றினால் ப்ளக்கிலும் கரி, சைலன்ஸருக்குள்ளும் கரி. டேங்க்கின் துரு இறங்கி கார்ப்பரேட்டர் ஜெட்டை அடைக்கும். பாயிண்ட் தேய்ந்திருக்கும். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய வண்டியின் ரப்பரையும் பதம் பார்க்கும். இதையெல்லாம் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

எனக்கு அவர்மேல் உள்ள கோபம் வேறு. ஒருமுறை என் வண்டியின் கொதிக்கிற இன்ஜினில் ப்ளக்கைக் கழட்டி, கோணலாகவே ஏற்றி, ஸ்பேனர் போட்டு முறுக்கினார். அலுமினிய ஹெட் தாங்குமா? மரை போனது. ஹெட்டைக் கழட்டி, லேத் பட்டறையில் புஷ் போட்டு, தண்டச் செலவு. "பழைய வண்டின்னா அப்படித்தான் மாப்ள" என்றார். ஓசியில் வருகிற வைத்தியத்தைப் போல விலை கூடியது எதுவும் இல்லை.

ஆகவே பழைய வண்டிக்காரர்களே, இன்ஜின் ஆறும்வரை ப்ளக்கைத் தொடாதீர்கள். மாட்டும்போது முதல் நாலு சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். சீட்டுக்கடியில் ஒரு புது ப்ளக் வைத்திருங்கள். சித்தப்பா வந்தால் தாராளமாக இன்னொரு டீ வாங்கிக் கொடுங்கள். ஸ்பேனரை மட்டும் முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.