முகாமைப் பணிப்பாளர் மச்சான்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் அங்கும் ஒருவர். "கம்பனி ஒண்டு போடப்போறன் மச்சான்" என்றபடி தேநீர்க் கடையில் நம் பக்கத்தில் வந்து குந்துவார். என்ன வியாபாரம் என்று கேட்டுவிடக் கூடாது. நண்டாக இருக்கலாம், எருமைத் தயிராக இருக்கலாம், கச்சானாகவும் இருக்கலாம். அதெல்லாம் பிறகு. முதலில் தீர வேண்டியது எந்த வகைக் கம்பனி என்பதுதான்.

உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொண்டு தனிவியாபாரமாக ஆரம்பியுங்களேன் என்றால் முகம் சுருங்கும். "கடன் பட்டா உடுத்த சாரனும் போயிரும்" என்பார். பங்குடைமை? அதற்கு இன்றைக்கும் இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுச் சட்டம்தான். மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். ஆயிரம் ரூபாயோடு இப்போது நண்டு வாங்கப் போனால் பையின் அடிதான் நனையும். ஆனாலும் விதி விதிதான்.

ஆகவே பிறைவேட் லிமிட்டெட். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தைத் தேவாரம்போல ஓதுவார். ஒரே பங்குதாரரோடும் தொடங்கலாம், ஐம்பது பேர் வரை போகலாம். பதிவுக்குப் படிவம் 1, பணிப்பாளரின் சம்மதத்துக்கு 18, செயலாளரின் சம்மதத்துக்கு 19. எல்லாம் இணையத்திலேயே முடிகிறது என்பதில் மட்டும் அவருக்கு மனக்குறை. கொழும்புக்கு இரவு ரயில் ஏறாமல் அமைகிற கம்பனியை ஊர் எப்படி நம்பும்?

பெயரில் 'நேஷனல்' வர வேண்டுமாம். அதற்கு அமைச்சரின் சம்மதம் வேண்டும் என்றேன். "கேட்டுட்டாப் போச்சு" என்றார், பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கிற குரலில்.

தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளரே போதும். இவர் விடுவாரா? கோயிலை நிர்வகிக்கத் தாய்வழிக் குடிக்கொரு வண்ணக்கர், குடிக்கொரு நாள் திருவிழா என்று பார்த்து வளர்ந்தவர். குடிக்கொரு பணிப்பாளரை வைத்தார். கடிதத் தலைப்பில் யாருடைய பெயர் முதலில் என்று பிரச்சினை கிளம்பியது. முதல் காளாஞ்சி யாருக்கு என்ற கோயில் வழக்கு, வாதி பிரதிவாதி மாறாமல் கம்பனிக்குள் குடிவந்துவிட்டது. கூட்டத்துக்குக் கூட்டம் வடையும் பிளேன்டீயும் தீர்ந்தன. தீர்மானம் ஒன்றும் நிறைவேறவில்லை.

இடையில் நண்டு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்து வாவிக் கரைக்குப் போனார். முழங்கால் தண்ணீரில் நின்ற பெரியவர் ஒருவர் வலையில் சிக்கிய நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து, மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பு, நம்மட கம்பனிக்கு நண்டு தாங்க. பங்கு தாறன்."

"காசு எப்ப மனே?"

"லாபம் வந்தோண்ண பங்கிலாபம் வரும் அப்பு."

பெரியவர் நண்டின் காலை நூலால் இறுக்கிக் கட்டிக் கூடையில் போட்டார். "மறுகா வா மனே" என்றார்.

லிமிட்டெட் என்றால் பொறுப்பு பங்கோடு நின்றுவிடும் என்பதுதான் இவருடைய மந்திரம். வங்கி அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பணிப்பாளரின் சொந்தப் பிணையையும், ஈடு வைக்க ஒரு வளவையும் கேட்டது. மட்டக்களப்பில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணின் பேரில் இருப்பதுதான் வழக்கம். முகாமைப் பணிப்பாளரின் பேரில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அதுவும் லீசிங்.

அன்றிரவு படிவங்களை எல்லாம் மேசையில் பரப்பி மனைவிக்கு விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உறுதி என்ட பேரில. ஈடு வைக்கிறது என்ட வளவு. அப்ப எனக்கு எத்தின பங்கு?"

இவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் பெரும்பான்மைப் பங்கு அந்தப் பக்கமே போனது. பங்குக்கு ஒரு வாக்கு என்பதால் பணிப்பாளரைத் தூக்கும் அதிகாரமும் கூடவே போனது.

இப்போது தேநீர்க் கடையில் வேறு பேச்சு. "கூட்டுறவுச் சங்கம்தான் மச்சான் சரி. எவ்வளவு பங்கு வைச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான்" என்கிறார். அதே வளவைச் சுற்றி மாமியும் மச்சினிமார் நாலு பேரும் குடியிருப்பதை அவர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.