முனி பிடித்த பேட்டரி

எங்கள் வீட்டு ஜம்ப் ஸ்டார்ட்டர் திண்டிவனத்தில் இருந்த நாளில்தான் எங்கள் கார் விழுப்புரத்தில் படுத்தது. நடுவில் சுமார் 40 கிலோமீட்டர், விக்கிரவாண்டியில் ஒரு டோல்கேட். கூட்டேரிப்பட்டில் கல்யாணம், ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். பக்கத்து சீட்டில் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக மனைவி. சாவியைத் திருப்பினேன். ‘டக் டக் டக் டக்’ என்றது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: செல்ஃப் நான்கு தரம் சொன்னால் பயணம் ரத்து.

“அதுக்குன்னுதானே ஒரு டப்பா வாங்கினீங்க?” என்றாள் மனைவி.

வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் பேட்டரி போனால் யாரும் கலங்கியதில்லை. அம்பாசிடரில் முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினால் கிளம்பிவிடும். பிறகு வந்த கார்களைத் தள்ளினால் போதும். ‘ஒரு கை குடுங்கண்ணே’ என்றால் டீக்கடையிலிருந்து ஆறு பேர் எழுந்து வருவார்கள். நான் வாங்கியதோ கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி. ஒருமுறை சாலாமேட்டில் எட்டுப் பேர் அதை அரை பர்லாங் தள்ளினார்கள். ஒன்பதாவதாக வந்த மெக்கானிக், “சார், இதுல கிளட்ச்சைப் போடறதே கரண்ட்தான். கரண்டே இல்லாம கியர் எப்படி விழும்? பாண்டிச்சேரி வரைக்கும் தள்ளினாலும் கிளம்பாது” என்றார். அந்த எட்டுப் பேர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்துதான், பேட்டரி படுத்த காரைக் கிளப்பிவிடும் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கக் கிளம்பினேன். இனி யாரிடமும் ‘கை குடுங்க’ என்று கேட்கக் கூடாது என்பது என் சபதம்.

கிழக்கு பாண்டி ரோட்டில் ஒரு பேட்டரிக் கடை. அங்கே அடுக்கியிருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றின் மேலும் ‘2000 ஆம்பியர் பீக்’, ‘3000 ஆம்பியர் பீக்’ என்று கொட்டை எழுத்து. கடைக்காரர் சிரித்தார். “பீக்குங்கறது கல்யாணத் தரகர் சொல்ற மாப்பிள்ளை சம்பளம் சார். தீபாவளி போனஸ் வந்த மாசத்தைச் சொல்லுவார். நாம கேக்க வேண்டியது, மாசா மாசம் கையில எவ்வளவு வாங்கறான்னு. உங்க சின்ன பெட்ரோல் வண்டியோட செல்ஃப் நூறு, நூத்தைம்பது ஆம்பியர் கேக்கும். டீசல்னா அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. அதை நாலு செகண்ட் விடாம குடுக்குதா, அதைப் பாருங்க.”

அடுத்து ‘20,000 எம்ஏஎச்’ என்ற எழுத்தைக் காட்டினேன். அது பூக்காரம்மா முழமாம். யார் கையால் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டப்பாவுக்குள் இருக்கும் லித்தியம் செல் ஒன்றின் 3.7 வோல்ட் கணக்கில் அது 20,000. பெருக்கினால் 74 வாட் ஹவர். அதையே கார் பேட்டரியின் 12 வோல்ட்டுக்கு மாற்றினால் ஆறே ஆறு ஆம்பியர் ஹவர். என் கார் பேட்டரி 35.

“அப்ப இது எப்படி அதை நிரப்பும்?”

“நிரப்பாது சார். கைமாத்து குடுக்கும். இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் ஆல்டர்னேட்டர் சம்பாதிச்சுக் கடனை அடைச்சுக்கும்.”

பொருளாதாரத்தை இவ்வளவு சுலபமாக எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. சிவப்பு, கறுப்பு கிளிப்பை மாற்றிப் போட்டால் கத்துகிற, பொறி பறக்காமல் தானே நிறுத்திக்கொள்கிற புத்திசாலி ஒயர் வைத்த டப்பாவாகப் பார்த்து வாங்கினேன். செங்கல் அளவு. ஒரு பக்கம் டார்ச், ஒரு பக்கம் செல்போன் சார்ஜ் போடும் ஓட்டை.

வீட்டுக்கு வந்து விளக்கப் புத்தகத்தைப் படித்தபோதுதான் சிக்கல் புரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். பாதிக்குக் கீழே இறங்கினால் காரைக் கிளப்பும் என்று நம்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது. லித்தியத்துக்குச் சூடு ஆகாது. விழுப்புரத்துக் கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரி தாண்டிவிடும், அப்பளம் காயப்போடலாம். காரில் வைத்தால் டப்பா கெட்டுவிடும். வீட்டில் வைத்தால், முண்டியம்பாக்கத்தில் கார் நின்றுபோகிற அன்று டப்பா பீரோ மேல் நிம்மதியாகத் தூங்கும். கடைசியில் கைக்குழந்தை மாதிரி பையில் போட்டு, காரில் ஏறும்போது ஏற்றி, இறங்கும்போது இறக்கிக்கொண்டு அலைந்தேன். ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி இரண்டு முறை பையைத் திறந்து பார்த்தார். சிவப்பும் கறுப்புமாக ஒயர் தொங்கும் செங்கல்லை விளக்குவது அவ்வளவு எளிதல்ல.

டப்பாவுக்குப் பெருமை சேர்த்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அதே புயல். கரண்ட் இல்லாத அந்த இரவுகளில் தெருவின் செல்போன்கள் எல்லாம் எங்கள் டப்பாவைச் சுற்றி வரிசையில் நின்றன. தண்ணீர் வடிந்த பிறகு வரிசையில் கார்கள் வந்தன. “சார், அந்த டப்பா இருக்கா?” என்று காலை ஆறு மணிக்கே குரல் கேட்கும். கை கேட்கக் கூடாது என்று வாங்கிய பொருள், ஊருக்கெல்லாம் கை கொடுக்கப் போனது.

அப்படித்தான் திண்டிவனத்துக்கும் போனது. அங்கே என் மச்சான் காரில் மூன்று நாளைக்கு ஒருமுறை பேட்டரி காலி. புது பேட்டரி போட்டும் அதே கதை. வீட்டு வாசலில் ஒரு புளியமரம். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்று பொருள்படும் ‘திந்திரிணி வன’த்திலிருந்து வந்தது என்பார்கள். அந்தக் காட்டில் மிச்சமிருக்கும் ஒரே மரம் தன் வீட்டு வாசலில் நிற்பதாக என் மாமியாருக்கு நினைப்பு. “மரத்துல முனி இருக்கு மாப்ளே. ராத்திரியில கரண்டை உறிஞ்சுது” என்றார்.

நான் அறிவியல் பேசினேன். முனியின் உண்மையான பெயர் டேஷ் கேமரா. சாவியை அணைத்தாலும் அணையாதபடி நேரடியாகப் பேட்டரியில் ஒயர் கொடுத்திருந்தார்கள். 0.3 ஆம்பியர்தான் குடிக்கும். ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம். ஏழு ஆம்பியர் ஹவருக்கு மேல் போச்சு. மூன்று நாளில், என்னுடையதைப் போன்ற 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. அப்புறம் செல்ஃப் எப்படி எடுக்கும்? மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதைத்தான் நானும் சொன்னேன். ராத்திரியில உறிஞ்சுது” என்றார். எலக்ட்ரீஷியன் வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்று டப்பாவை மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எலக்ட்ரீஷியன் இன்னும் வரவில்லை.

கல்யாணத்துக்கு வருவோம். மச்சானுக்குப் போன் போட்டேன். “இதோ கிளம்பிட்டேன் மாமா” என்றான். கல்யாண மண்டபத்தைத் தாண்டி, டோல் கட்டி, ஒன்பதே முக்காலுக்கு வந்து சேர்ந்தான். டப்பாவைச் சீர்வரிசை மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். சிவப்பைப் பிளஸ்ஸில் போட்டேன், கறுப்பை இன்ஜின் இரும்பில் கவ்வவிட்டேன், பட்டனை அழுத்தினேன். ஒற்றைச் சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது.

“சார்ஜ் போட்டு வெச்சியா மச்சான்?”

“இதுக்கும் போடணுமா மாமா? இதுதானே போடும்? ஒரு மாசமா எல்லார் போனுக்கும் இதுலதான் போடறோம்.”

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்று சாலாமேட்டில் தள்ளிய எட்டுப் பேரில் இருவரை அடையாளம் தெரிந்தது. “தள்ளிடலாமா சார்?” என்று ஒருவர் கேட்டதில் கொஞ்சம் குத்தல் இருந்தது. அந்நேரம் தண்ணீர் கேன் இறக்க வந்த டாடா ஏஸ்காரர் சீட்டுக்கு அடியிலிருந்து தடித்த ஒயர் இரண்டை உருவினார். கொட்டை எழுத்தோ டார்ச்சோ இல்லாத வெறும் ஜம்பர் கேபிள். மச்சான் காரை மூக்கோடு மூக்கு வைக்கச் சொன்னார். சிவப்பு இரண்டையும் பிளஸ்ஸுக்குப் பிளஸ் போட்டு, கறுப்பை மச்சான் பேட்டரி மைனஸில் மாட்டி, கடைசி முனையை மட்டும் என் காரின் இன்ஜின் போல்ட்டில் கவ்வவிட்டார். “பேட்டரிகிட்ட பொறி பறக்கக் கூடாது சார், ஹைட்ரஜன் இருக்கும்.” இரண்டு நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். கார் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமியது.

மணி பத்து பத்து. மனைவி அப்போதுதான் கேட்டாள்: “ஏங்க, இவன் காரு வந்த உடனே அதுலயே ஏறிப் போயிருக்கலாமே?”

எங்கள் மூவரில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை.

தாலி கட்டி முடிந்து பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக டப்பா என் கார் சாக்கெட்டில் சொருகிக் கிடந்தது. கடன் கொடுக்க வந்தது கடன் வாங்கிக்கொண்டே வந்தது. கைகழுவும் இடத்தில் மாமியார் பார்த்துவிட்டு, “ஏன் மாப்ளே லேட்டு?” என்றார். பேட்டரி டவுன் என்றேன். முதல் நாள் டிக்கியில் சீர் ஏற்றும்போது உள்விளக்கை அணைக்க மறந்ததைச் சொல்லவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் அப்பவே நெனச்சேன். அந்த டப்பா நம்ம வீட்ல இருந்துச்சே. அது வழியாத்தான் உங்க வண்டிக்கு வந்திருக்கு.”