காவிரி அறையில் கூடுவோம்

எங்கள் அலுவலகத்தில் மீட்டிங் அறைகளுக்கெல்லாம் நதிகளின் பெயர். வைகை, பாலாறு, பொருநை, காவிரி. வைத்தவர் தமிழ்ப்பற்றில் வைத்திருக்கலாம். ஆனால் பெயருக்கேற்ற குணமும் அறைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வைகையில் ஏசி எப்போதாவதுதான் வரும். பாலாற்றில் புரொஜெக்டர் நிரந்தர வறட்சி. காவிரிக்கோ நித்தம் தகராறு. பதினோரு மணிக்கு எங்கள் டீம் புக் செய்திருக்கும். மேல்மாடி டீம் உள்ளே உட்கார்ந்துகொண்டு கண்ணாடிக் கதவு வழியாக ஐந்து விரலைக் காட்டும், இன்னும் ஐந்தே நிமிடமாம். மேலே இருப்பவர்கள் பார்த்துத் திறந்துவிட்டால்தான் கீழே இருப்பவர்களுக்கு. அசல் காவிரிக்கு 1990-ல் நடுவர் மன்றம் அமைத்தார்கள். 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. எங்கள் காவிரிக்கு நடுவர் மன்றம் அட்மின் மேனேஜர். அவர் எப்போது பார்த்தாலும் மீட்டிங்கில் இருக்கிறார்.

இப்படி அடித்துப் பிடித்து உள்ளே போய் என்ன செய்கிறோம் என்று கேட்டால், பெரும்பாலும் அடுத்த மீட்டிங் எப்போது என்று முடிவு செய்கிறோம்.

காலையில் முதலில் ஸ்டாண்ட்-அப். பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இது உண்டு. ஸ்க்ரம் என்கிற வேலைமுறையின் விதிப்படி இதற்கு 15 நிமிடம்தான். உட்கார்ந்தால் பேச்சு நீளும், நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் வாய் மூடும் என்பது கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டவர்கள், தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரை பஸ்ஸில் நின்றபடியே மச்சினனின் கல்யாணக் கதையை விடாமல் சொல்லும் மனிதர்களைப் பார்த்ததில்லை. எங்கள் மேனேஜர் அந்த வகை. நாங்கள் நிற்போம். அவரும் நிற்பார். பேச்சுதான் நிற்காது.

ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், என்ன தடை என்று சொல்ல வேண்டும். தடை எது என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்குள்தான் நின்றுகொண்டிருக்கிறோம். யாரும் சொல்வதில்லை. "குட் ப்ராக்ரஸ்" என்கிறோம்.

இந்த மாதிரி நேரங்களில் கைகொடுப்பதற்கென்றே ஒரு பாஷை இருக்கிறது. "நான் முடிக்கவில்லை" என்று சொன்னால் திட்டு விழும். "டெலிவரபிள்ல ஒரு ஸ்லிப்பேஜ் இருக்கு" என்றால் எல்லோரும் கவலையோடு தலையாட்டுவார்கள். யார் வழுக்கினார், எங்கே வழுக்கினார் என்ற கேள்வியே எழாது. ஏதோ மழை பெய்தது போல, அது தானாக நடந்துவிட்டது. "எனக்கு பேண்ட்விட்த் இல்லை" என்றால் முடியாது என்று அர்த்தம். ஆனால் முடியாது என்று சொன்ன பழி கிடையாது. "ஆஃப்லைன்ல எடுத்துக்கலாம்" என்றால் அந்த விஷயத்துக்குக் காரியம் முடிந்தது, குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்த பாஷையில் எழுவாய் இருக்கவே இருக்காது. பயனிலை மட்டும் உண்டு, பிரித்தே படிக்கலாம்.

சாயங்காலம் ஆனால் அமெரிக்கா கண் விழிக்கும். குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. ஜாதகத்தில் வரும் ஏழரைச் சனியாவது ஏழரை வருஷத்தில் விலகும். இந்த ஏழரை, மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் ஆறரையாகும். நவம்பரில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். திருநள்ளாறு போயும் பிரயோஜனமில்லை. ஒருநாள் கான்ஃபரன்ஸ் கால் முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும் அம்மா கேட்டார்: "ஏண்டா, ஒரு மணி நேரமா 'ஆம் ஐ ஆடிபிள், ஆம் ஐ ஆடிபிள்'னு கத்திட்டிருந்தியே, அவங்களுக்குக் கடைசி வரைக்கும் காது கேக்கவே இல்லையா?" மினிட்ஸ் எழுதச் சொல்லியிருந்தால் அதைவிடச் சுருக்கமாக நானும் எழுதியிருக்க முடியாது.

இதெல்லாம் நம் காலத்து வியாதி என்று நினைக்க வேண்டாம். 1950-களில் சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன் இதை நாடி பிடித்துச் சொல்லிவிட்டார். அவர் கற்பனை செய்த ஒரு கமிட்டியில், ஒரு கோடி பவுண்டு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கிடைக்கும். அடுத்தது சைக்கிள் கொட்டகை. கூரை அலுமினியமா ஆஸ்பெஸ்டாஸா என்று முக்கால் மணி நேரம் வாதம். அதற்கடுத்தது காபிச் செலவு. அது இன்னும் நீளும். காரணம் எளிது. அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும், காபியில் எல்லோருமே நிபுணர்கள்.

எங்கள் சர்வர்களையெல்லாம் க்ளவுடுக்கு மாற்றும் திட்டம், தட்டில் சமோசா ஒரு சுற்று வருவதற்குள் நிறைவேறியது. அதே மீட்டிங்கில் அடுத்த விஷயம், அலுவலகப் பொங்கல் விழாவுக்கு என்ன உடை. பட்டு வேட்டியா, பருத்தி வேட்டியா? ஒட்டிக்கொள்ளும் வேட்டியை வேட்டி என்று ஒப்புக்கொள்ளலாமா? வருஷம் முழுக்க வாய் திறக்காத நெட்வொர்க் டீம் ஆள் எழுந்து நின்று, ஒட்டும் வேட்டி நம் பண்பாட்டுக்கு இழுக்கு என்று முழங்கினார். அறையில் கைதட்டல். முடிவு எட்டப்படாமல் ஆஃப்லைனில் எடுத்துக்கொள்ளப்பட்டது. வேட்டி விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

பார்க்கின்சனுக்கும் முன்னால், 1944-ல், அமெரிக்க உளவுத் துறை ஒரு கையேடு தயாரித்தது. எதிரி கைப்பற்றிய நாடுகளில் சாமானியர்கள் சத்தமில்லாமல் நாசவேலை செய்வது எப்படி என்பதற்கான கையேடு. இயந்திரத்தைப் பழுதாக்குவது, டயரைப் பஞ்சராக்குவது எல்லாம் அதில் உண்டு. கூடவே அலுவலகங்களுக்கும் யோசனைகள்: எதையும் கமிட்டிக்கு அனுப்பு. கமிட்டியில் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள். முடிந்துபோன முடிவை மறுபடி கிளறு. வார்த்தைகளுக்காக வாதாடு. அவசர வேலை இருக்கும்போது கூட்டம் போடு. எங்கள் நிர்வாகத்தில் யாரும் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. உயிரைப் பணயம் வைத்து எதிரிக்குச் செய்யச் சொன்ன காரியத்தை, நாங்கள் பி.எஃப். பிடித்தத்தோடு சொந்தக் கம்பெனிக்கே செய்துகொண்டிருக்கிறோம்.

மருந்து இல்லாமல் இல்லை. அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-ல் ஸ்லைடு காட்டுவதை நிறுத்தச் சொன்னார். சொல்ல வந்ததை ஆறு பக்கத்துக்குள் எழுதிக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் முதலில் மௌனமாகப் படிக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால்தான் தன்னிடம் விஷயம் இல்லை என்பதே பலருக்குத் தெரியவரும். கனடாவின் ஷாப்பிஃபை 2023 ஜனவரியில், இரண்டு பேருக்கு மேல் கூடும் வழக்கமான கூட்டங்களையெல்லாம் காலண்டரிலிருந்து ஒரேயடியாகத் துடைத்தது.

இந்தச் செய்தி எங்கள் நிர்வாகத்தின் காதுக்கும் எட்டியது. உடனே, மீட்டிங்குகளைக் குறைப்பதற்கு ஒரு டாஸ்க் ஃபோர்ஸ் அமைத்தார்கள். அது புதன்தோறும் கூடுகிறது. அதன் பரிந்துரைப்படி வெள்ளிக்கிழமை மீட்டிங் கிடையாது. எனவே வெள்ளிக்கிழமை நடப்பதற்குப் பெயர் 'கனெக்ட்'.

கூடிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் வாரியங்கள் இருக்கின்றன. ஏரி வாரியம் ஏரியைப் பார்த்தது, தோட்ட வாரியம் தோட்டத்தைப் பார்த்தது. பதவிக்காலம் 360 நாள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. எங்கள் 'ஸ்ட்ராட்டஜிக் அலைன்மென்ட் கவுன்சில்' எதைப் பார்க்கிறது என்று அதன் தலைவருக்கே தெரியாது. கணக்குக் காட்டும் விதி மட்டும் இங்கே வந்தால், காவிரி அறை அன்றைக்கே காலியாகிவிடும்.

எனக்குத் தெரிந்த சூட்சுமம் இவ்வளவுதான். ஒருவர் முடிவெடுத்தால் அதில் அவர் பெயர் இருக்கும், நாளை தவறினால் அவரைக் கேட்பார்கள். பன்னிரண்டு பேர் கூடிக் கலைந்தால் யார் பெயரும் இருக்காது. நடக்கும் கூட்டங்களில் பாதி, முடிவெடுக்காமல் இருந்ததற்குச் சாட்சி சேர்க்கத்தான்.

ஆகவே, அடுத்த முறை உங்களுக்கு அழைப்பு வந்தால், "இதில் என்ன முடிவு எடுக்கிறோம், யார் எடுக்கிறார்?" என்று பணிவாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் போய் வாருங்கள். வராவிட்டால் உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு வரியில் சொல்லத் தெரியாதவர் ஒரு மணி நேரத்திலும் சொல்லப் போவதில்லை.