புதையல் வைக்க அனுமதி கோரி ஒரு மனு

அனுப்புநர்: ஒரு வாசகன், மகாலிங்கபுரம், பொள்ளாச்சி.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், கோயம்புத்தூர்.

பொருள்: பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தில் நாவல் ஒன்றை வேண்டுமென்றே விட்டுச்செல்ல அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம்.

ஐயா / அம்மையீர்,

பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ஆக்கிரமிப்பு என்று திங்கட்கிழமைதோறும் மனுக்கள் குவிகிற மேசை உங்களுடையது. இந்த மனுதாரருக்கு எதுவும் வேண்டாம். கொடுக்கத்தான் அனுமதி கேட்கிறார். இதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவதென்று அலுவலகம் முழிக்குமே என்பதுதான் என் கவலை.

டெரி பிராட்செட் என்ற ஆங்கிலேயர் 1989-இல் எழுதிய 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' என்ற நாவல் என்னிடம் இருக்கிறது. ஆமை முதுகில் நான்கு யானைகள், யானைகள் முதுகில் தட்டையாக ஓர் உலகம். சரக்கு நம்முடையது, வியாபாரம் அவருடையது. அந்த உலகத்தை வைத்து 41 நாவல்கள் எழுதினார், இது எட்டாவது. டிராகனை வரவழைக்கும் புத்தகம் ஒன்றை ஒரு ரகசியக் கூட்டம் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து திருடுகிறது. டிராகன் வருகிறது, ஊரை எரிக்கிறது, கடைசியில் அந்த ஊருக்கே ராஜாவாகிறது. பெரிய மனிதர்கள் அனுசரித்துப் போகப் பழகிவிடுகிறார்கள். எதிர்த்து நிற்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ராத்திரி ரோந்துக் காவலர்களும் நூலகரும்தான். நூலகர் ஓர் உராங்குட்டான். மந்திர விபத்தில் குரங்கானவர், திரும்ப மனிதனாக மாட்டேன் என்று மறுத்துவிட்டார். உயரத்து அலமாரியில் புத்தகம் எடுக்க நீளக் கை வசதியாம். (நூலகர் பணி நியமன விதிகளில் இதைச் சேர்ப்பது குறித்துத் தனி மனு தருகிறேன்.)

இப்படி ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுப் பீரோவில் பூட்டிவைக்க மனம் வரவில்லை. படித்த புத்தகத்தில் சீட்டு ஒட்டிப் பொது இடத்தில் விட்டுவிடும் பழக்கத்துக்கு 2001-இல் அமெரிக்காவில் 'புக் கிராஸிங்' என்று பெயர் வைத்து ஓர் இயக்கமாகவே தொடங்கினார்கள். 2016-இல் லண்டன் சுரங்க ரயிலில் நடிகை எம்மா வாட்சன் புத்தகங்களை ஒளித்து வைத்தார். அடுத்த வருடம் டெல்லி மெட்ரோவிலும் இரண்டு இளைஞர்கள் ஆரம்பித்தார்கள். பொள்ளாச்சியில் மட்டும் இது நடக்காது. காரணம், எங்கள் ஊரின் நாணயம்.

உடுமலை பஸ் நிற்கும் இடத்தில், சிமென்ட் பெஞ்சில் புத்தகத்தை வைத்துவிட்டு நகர்ந்தேன். பின்னாலேயே ஓர் அம்மா. ஒரு கையில் கட்டைப்பை, இன்னொரு கையில் டிராகன்.

"ஏனுங் தம்பி, பொஸ்தகத்த வுட்டுப்போட்டுப் போறீங்களே!"

"வேணும்னேதானுங்க வெச்சேன். யாராச்சும் எடுத்துப் படிக்கட்டும்னுங்க."

"யாரோ எதுக்குங்க படிக்கோணும்? உங்க பொஸ்தகம், நீங்க படிங்க."

அதற்குள் நான் ஏறாத பஸ்ஸை எனக்காக விசில் அடித்து நிறுத்தி வைத்திருந்தார் கண்டக்டர். "பரீட்சைக்குப் படிக்கிற புள்ளயோடதா இருக்கும், பாவம்" என்றது ஜன்னலோரத்துக் குரல் ஒன்று. வாங்கிக்கொண்டு ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. உடுமலையில் எனக்கு எந்த வேலையும் இல்லை.

இந்த ஊரில் கேட்பாரற்ற பொருளுக்கு இரண்டே கதிதான்: துரத்திவந்து திருப்பிக் கொடுப்பார்கள், அல்லது தள்ளி நின்று போலீசுக்குச் சொல்வார்கள். இரண்டாவதை நான் கேலி செய்ய மாட்டேன். 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்பைப் பார்த்த மாவட்டம் இது. பைக்குள் வைக்காமல் அட்டை தெரியும்படியே வைக்கிறேன் என்று உறுதி கூறுகிறேன்.

நூலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். 1948-இல், சுதந்திர இந்தியாவிலேயே முதல்முறையாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நம் சென்னை மாகாணத்தில். அதைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் திருப்பூரில் பிறந்தவர், நம் பக்கத்து ஆள். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியை நானும் கட்டுகிறேன். அதெல்லாம் சரி. புத்தகம் பயன்படுத்துவதற்கே என்று 1931-லேயே நூலகவியலின் முதல் விதி எழுதினார் எஸ்.ஆர். ரங்கநாதன். ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். அந்தக் கட்டிவைக்கும் மனசு நம்மை விட்டு இன்னும் போகவில்லை. வங்கிக் கவுண்டரில் பேனாவுக்கு நூல் கட்டுகிற நாடு அல்லவா. அதோடு, நூலகத்துக்கு வருகிறவர் ஏற்கெனவே வாசகர். எனக்கு வேண்டியவர், பஸ் தாமதமானதால் மட்டுமே ஒரு புத்தகத்தைப் புரட்டப் போகிறவர்.

ஆகவேதான் பார்வையில் கண்ட சட்டத்துக்கு வருகிறேன். மண்ணிலோ, மண்ணோடு பிணைந்த எதிலுமோ மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல் என்கிறது அது. மேற்படி பெஞ்சு மண்ணோடு பிணைந்தது. புத்தகம் மறைந்திருக்கிறதா என்று கேட்டால், செல்போன் பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே கண்ணெதிரே இருந்தாலும் அது மறைந்ததுதான். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டிவிட்டதால், கண்டெடுப்பவர் தங்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, புத்தகத்தைக் கருவூலத்தில் கட்ட வேண்டும், அல்லது பிணை தர வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை. தாங்கள் அறிவிப்பு வெளியிட்டு, நாலு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மேற்படாமல் ஒரு நாள் குறித்து, உரிமை கோருவோரை அழைக்க வேண்டும். சொந்தக்காரர் இல்லை என்று முடிவாகி, இடத்துக்காரர் பங்கு கேட்டால், எடுத்தவருக்கு முக்கால், இடத்துக்காரருக்குக் கால்.

இடத்துக்காரர் நகராட்சி. டிராகன் என்ன ஆனது என்பது கடைசிக் கால் பங்கில்தான் இருக்கிறது. முக்கால் நாவலைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர், மீதிக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து 30 நாள் காத்திருக்க வேண்டுமா? அல்லது முழு நாவலையும் நகராட்சியே ஒருமுறை படித்துவிடுவது நல்லதா? பின்னதையே சிபாரிசு செய்கிறேன். அனுசரித்துப் போகும் பெரிய மனிதர்கள் வரும் பக்கங்களை மடித்துத் தருகிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு சான்றிதழ். 'இப்புத்தகம் தொலைந்ததல்ல, சுயநினைவோடு விடப்பட்டது, எடுத்துச் செல்பவரை யாரும் துரத்த வேண்டாம்' என்று கோபுர முத்திரையோடு முதல் பக்கத்தில் ஒட்டித் தந்தால் போதும். நான் எழுதி ஒட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
புத்தகத்தைக் கையிலேயே வைத்திருக்கும் வாசகன்.

நகல்: அருள்மிகு மாசாணியம்மன், ஆனைமலை. (தாயே, இது களவு போன பொருள் அல்ல. அந்தக் கட்டைப்பை அம்மா என் மேல் இரக்கப்பட்டு, திருடனைத் தண்டிக்கச் சொல்லி உன் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால், தயவுசெய்து கண்டுகொள்ளாதே.)