வீட்டுக்காரர் விலைகுறைப்பு: தூத்துக்குடிக் கடற்கரைச் சான்றுகளோடு ஓர் ஆய்வு

ஐந்தாம் தேதி நம்மிடம் வாடகை வாங்கிக்கொண்டு, ஆறாம் தேதி நம் வாடிக்கையாளரிடம் போய் நம்மைவிடக் குறைந்த ரேட் சொல்லிவிட்டு வரும் வீட்டுக்காரரைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் இதுவரை நிகழவில்லை. பொருளியல் அறிஞர்கள் இதைத் தொடாததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: அவர்களில் பலர் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள். வாடகை வீட்டில் இருக்கும் அறிஞர்களோ, மாடியில் வீட்டுக்காரர் நடமாடும்போது இதைப் பற்றிச் சத்தமாகச் சிந்திக்கத் துணிவதில்லை.

அந்தக் குறையை நீக்க வந்தது இக்கட்டுரை. களமாகத் தூத்துக்குடியை எடுத்துக்கொண்டது தற்செயலன்று. மற்ற ஊர்களில் வீட்டுக்காரர் மிஞ்சிப் போனால் கீழ்வீட்டு இட்லிக் கடைக்குப் போட்டியாக மாடியில் தோசைக்கல் போடுவார். இங்கே கடலையே வாடகைக்கு விட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

முதலில் வரையறை. எதிர்த்த கடைக்காரர் விலை குறைப்பது தொழில்போட்டி. அதில் ஆராய ஒன்றுமில்லை. மச்சினன் குறைப்பது குடும்பப் பிரச்சினை. அது வேறு துறை. நமக்கு இடம் கொடுத்தவர், அந்த இடத்துக்கான பணத்தை நம்மிடமே வாங்கிக்கொண்டு, நம் தொழிலில் நமக்குக் கீழே விலை சொல்வதைத்தான் இங்கே 'வீட்டுக்காரர் விலைகுறைப்பு' என்கிறேன். எதிர்த்த கடைக்காரர் நஷ்டத்துக்கு விற்றால் அவர் கையைக் கடிக்கும். வீட்டுக்காரர் நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை மாதாமாதம் நாமே மாடியேறிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். இரண்டு நாள் தாமதமானால் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம். இந்த நோயின் மற்ற குணங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

முத்துப் பார்கள்

மிகப் பழைய சான்று முத்துக்குளிப்பு. சிப்பி விளைந்த கடலடித் திட்டுகளான பார்களுக்கு ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டுக்காரராக இருந்தார்கள்: பாண்டியர், போர்ச்சுகீசியர், 1658இல் அவர்களை விரட்டிய டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர், கடைசியில் நம் சொந்த மாநில அரசு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அட்வான்ஸ் திரும்பக் கிடைத்ததாகக் குளியாளிகள் யாரும் சொன்னதில்லை.

ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு எளிமையானது. மூழ்கி எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. அந்த ஒரு பங்குக்குள் கயிறு பிடித்தவருக்கும் தோணிக்காரருக்கும் பங்கு உண்டு. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதிய கடல்கட்டிக்கும் சிப்பி போகும். (ஆலோசகர் கட்டணம் நம் கடற்கரைக்குப் புதிதல்ல.)

பங்கு பெரிதா சிறிதா என்பதில் இந்த ஆய்வுக்கு அக்கறை இல்லை. அரசு தன் இரண்டு பங்கை என்ன செய்தது என்பதில்தான் அக்கறை. பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. அதே முகாமில், ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டது. குளியாளியும் தன் சிப்பியை அதே மணலில் பரப்பித்தான் விற்றாக வேண்டும். திறக்காத சிப்பிக்குள் முத்து இருக்கிறதா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்பதால், 'என் சரக்கு ஒசத்தி' என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அரசுச் சிப்பியை எடுத்ததும் அவர்தான், தன் சிப்பியை எடுத்ததும் அவர்தான். காலையில் மூச்சடக்கி எடுத்து வந்த தன் சரக்கோடு சாயங்காலம் தானே போட்டி போட்ட தொழிலாளி என்று உலகத் தொழில் வரலாற்றில் இவருக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கலாம்.

ஆனாலும் அவர் அங்கே தோற்றுப் போகவில்லை என்பதுதான் வியப்பு. ஆயிரம் சிப்பி ஏலம் எடுக்க வசதியில்லாமல், பத்துப் பன்னிரண்டு வாங்கி உடைத்துப் பார்த்து அதிர்ஷ்டத்தைச் சோதிக்கும் கூட்டம் ஒன்று முகாமைச் சுற்றி எப்போதும் இருந்தது. குளியாளி தன் பங்கை அவர்களிடம் சில்லறையாகத் தள்ளினார். துரை மேசை போட்டு, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, ஒரு டஜன் சிப்பிக்கு ஏலம் கூவிக்கொண்டிருக்க முடியாதல்லவா? இதிலிருந்து நம் முதல் விதி கிடைக்கிறது: வீட்டுக்காரர் கை மொத்த வியாபாரத்தில் நீளம், சில்லறையில் குட்டை. விதியை மறுபடி சோதித்துப் பார்க்கத்தான் வழியில்லை. கடைசி முத்துக்குளிப்புத் தொடர் 1955இல் தொடங்கி 1961இல் நின்றது. அதற்குப் பிறகு பார்கள் கைவிரித்துவிட்டன.

சங்கில் இந்தத் தொல்லையே கிடையாது. எடுத்த சங்கை அரசுக்கே, அரசு வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்று நெடுங்காலம் இருந்தது. வீட்டுக்காரரே ஒரே வாடிக்கையாளராகவும் இருந்துவிட்டால் அவர் விலையைக் குறைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை, சொன்னால் போதும்.

குடைச் சிக்கல்

அடுத்த சான்று ஊரறிந்தது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் செய்துவந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபர் 16இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் போட்டு 8,000 பங்குகள் எடுத்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு, அதாவது பி.ஐ. கம்பெனிக்கு, எதிராக நம்மூர்க் கப்பல் விடுவது திட்டம்.

இங்கே வீட்டுக்காரர் யார் என்பதில் அறிஞர்களிடையே, அதாவது எனக்கும் என் மைத்துனருக்கும், கருத்து வேறுபாடு உண்டு.

ஷா லைன்தான் என்பது மைத்துனர் கட்சி. சுதேசிக் கம்பெனிக்கு முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார்கள். பி.ஐ. நெருக்கியதும் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வாடகைக்கு விட்டவர் பாதியில் காலி பண்ணச் சொல்வது வீட்டுக்காரர் லட்சணம்தானே என்கிறார் அவர். வாதம் பார்வைக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஷா லைன் கப்பலைப் பிடுங்கியதே தவிர விலையைக் குறைக்கவில்லை. அது மிரட்டலுக்குப் பயந்த வீட்டுக்காரர், நம் ஆய்வுக்குரிய வீட்டுக்காரர் அல்லர். சிதம்பரம் பிள்ளை கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து அப்போதைக்குச் சமாளித்தார். பிறகு 1907இல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கம்பெனி சொந்தமாகவே வாங்கிவிட்டது. வாடகைத் தொல்லைக்கு வீடு வாங்குவதே தீர்வு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று.

என் கட்சி வேறு. கப்பலை வாங்கலாம், கரையை வாங்க முடியுமா? துறைமுகம் சர்க்காருடையது, சுங்கம் சர்க்காருடையது, கப்பலைச் சோதித்துச் சீட்டுக் கொடுப்பவர் சர்க்கார் உத்தியோகஸ்தர், பிரயாணியைப் பார்த்து 'எந்தக் கப்பலுக்குப் போகிறாய்?' என்று கேட்கும் போலீஸ்காரரும் சர்க்காருடையவர். பி.ஐ. யார்? 1856இல் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே சர்க்கார் தபால் சுமக்கும் ஒப்பந்தத்தோடு பிறந்து, தபால் ஒப்பந்தங்களிலேயே கொழுத்த கம்பெனி. அந்தத் தபால் பணம் வரிப் பணம். அந்த வரியில் தூத்துக்குடி வியாபாரியின் காசும் உண்டு. சுதேசிப் பங்கு வாங்கியவரே எதிராளிக்கும் சத்தமில்லாமல் சந்தா கட்டிக்கொண்டிருந்தார். வரையறைக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை ஆர்டர் கொடுத்தாலும் செய்ய முடியாது.

இனி விலை இறங்கிய வரலாறு. பி.ஐ. கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக, அதாவது 16 அணாவாகக் குறைத்தது. சுதேசி 8 அணாவுக்கு வந்தது. பி.ஐ. கட்டணமே வேண்டாம் என்றது. அதோடு விட்டதா? ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு குடையும் இனாம் என்றது.

ஆய்வாளர் நின்று மூச்சுவிட வேண்டிய இடம் இது. விலை குறையலாம், பூஜ்யமும் ஆகலாம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் எந்த அலகில் அளப்பது? கணிதப்படி அன்றைக்குத் தூத்துக்குடி–கொழும்புக் கட்டணம் கழித்தல் ஒரு குடை. ஏன் குடை? தூத்துக்குடியில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு கொட்டி முடிந்துவிடும். கொழும்பில் இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே இனாம் குடையின் பயன் முழுவதும் கொழும்பில் இறங்கிய பிறகே தொடங்குகிறது, குடையை விரிக்க வேண்டுமானால் முதலில் கப்பலில் ஏறியாக வேண்டும். பி.ஐ. கம்பெனியில் இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவர் சாதாரணமான ஆளில்லை. உப்பளத்து வெயிலுக்கும் குடை உதவுமே என்று மைத்துனர் மறுக்கிறார். உதவும். ஆனால் உப்பளத்துக்கு யாரும் கப்பலில் போவதில்லை.

இனாமிலும் வட்டார வேறுபாடு உண்டு. 1880களில் வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத், ஏலத்தில் ஒரு கப்பல் கூட்டை எடுத்து 'சரோஜினி' ஆக்கி, பாரிசால் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக ஓட்டினார். அங்கே ஜனங்களுக்கு ஓசியில் பயணமும் தின்பண்டமும் கொடுத்தவர் சுதேசி முதலாளியேதான். கடைசியில் அவருடைய 'சுதேசி' என்ற கப்பல் ஹவுராப் பாலத்தில் மோதி முழுகியது, அவரும் கடையைக் கட்டினார். கவிகள் வீட்டில் கப்பல் விட்டால் அப்படித்தான். தூத்துக்குடியில் விட்டவர் வக்கீல், செலவுக் கணக்குத் தெரிந்தவர். விலையில் வெல்ல முடியாது என்று அறிந்து, ஜனங்களிடம் நேரே போய்ப் பேசினார். சுதேசிப் பேச்சாளர் சுப்பிரமணிய சிவாவும் சேர்ந்துகொண்டார். கூட்டம் சுதேசிக் கப்பலில் ஏறியது. முத்துக் கரையில் கண்ட விதிதான் இங்கேயும்: ஒவ்வொரு ஆளாகப் பேசிச் சேர்ப்பது சில்லறை வேலை, சர்க்காருக்கு அது வராது.

வராததை வீட்டுக்காரர்கள் எப்படித் தீர்ப்பார்கள் என்பதும் தெரிந்ததுதான். ரேட்டில் முடியாவிட்டால் காலி பண்ணச் சொல்வார்கள். 1908 மார்ச் 12இல் சிதம்பரம் பிள்ளை கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் குறைத்தார்கள். சிறையில் செக்கு. 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள், கப்பல்களை விற்றார்கள். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது குடை கொடுப்பதை பி.ஐ. எப்போதோ நிறுத்தியிருக்கும். போட்டியாளர் காலி செய்த பிறகும் இனாம் தொடர்ந்ததாக உலகில் எங்கும் சான்று இல்லை.

இன்றைய நிலை

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011 முதல் வ.உ. சிதம்பரனார் பெயர். துறைமுக நிர்வாகமே சரக்குத் தளம் நடத்தும், பக்கத்துத் தளத்தைத் தனியாருக்கும் விடும், இரண்டும் ஒரே கப்பலுக்குக் கைகாட்டும் என்ற கலப்பு ஏற்பாடு இந்தியத் துறைமுகங்களில் வளர்ந்தது. இதில் நலமுரண் இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டு, நிர்வாகம் நிலச்சொந்தக்காரராக மட்டும் இருக்கட்டும், தொழிலைக் குடியிருப்பவர் பார்க்கட்டும் என்ற முறைக்கு நகர்ந்து வருகிறது. 2021இன் பெருந்துறைமுகச் சட்டமும் அந்தத் திசையில்தான். இவ்வாய்வின் முடிவை அமைச்சகம் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சட்டம் தூத்துக்குடி பிரையண்ட் நகர் மாடி வீடுகளுக்குச் செல்லாது.

எனவே கடைசியாக ஒரு களச் சான்று. கீழ்வீட்டில் ஒரு எலக்ட்ரீசியன். வாசலில் நின்று போனில் ஒரு புது வீட்டு வயரிங்குக்கு 62,000 ரூபாய் சொன்னார். மேலே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் குழாயை மூடினார். மறுநாள் வேலை 55,000க்கு வேறு யாருக்கோ போய்விட்டது. மூன்றாம் நாள் ராத்திரி வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார்.

"தம்பி, ஒரு வயரிங் வேலை வந்திருக்கு. அம்பதுக்கு முடிச்சுக் குடுத்திருதியா?"

"யாரு வீடு அண்ணாச்சி?"

"யாரு வீடா இருந்தா ஒனக்கென்னப்பா. வேலை இருக்கு, செய்யி."

தம்பிக்கு எந்த வீடு என்று தெரியும். நாலு வீடு தள்ளி எல்லாருக்குமே தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சரி அண்ணாச்சி, செஞ்சிருதேன். இந்த மாச வாடகையை அதுலயே கழிச்சுக்கிடுவோம்."

"அது எப்படிப்பா? வாடகை வேற, தொழில் வேறல்லா."