அப்புச்சி சொல்ற டிக்கெட் யோசனை

ஏஞ் சாமி, அமெரிக்காவுல காலேஜ் ஆட்டத்துக்கு டிக்கெட் விக்கிற ஆபீசுல உனக்கு வேலை ஆயிருச்சுன்னு உங்கம்மா சொன்னா. பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தன் ஓட, நாலு பேரு மேல வுழுந்து அமுக்கறாங்களே, அந்தக் கால்பந்துதானே? ரொம்பச் சந்தோசம். காலம்பூரா மஞ்சள் வெளைய வச்சேன். என்னைக்காச்சும் அதுக்கு நான் வெலை சொன்னனா? ஈரோட்டு மண்டிக்காரன் சொன்னான், குடுத்ததை வாங்கிக்கிட்டு வந்தேன். நம்ம குடும்பத்துல வெலை சொல்ற பக்கம் போய் உக்காந்த மொத ஆளு நீதான். அதனால சித்த நேரம் அப்புச்சி பேச்சைக் கேளு.

டிக்கெட்டை விக்காதே கண்ணு. டிக்கெட் வாங்கற உரிமையை வித்துப்போடு. பெரிய காலேஜுங்க ஏற்கெனவே பண்றதுதான். நல்ல எடத்துல சீட்டு வேணும்னா வருசா வருசம் காலேஜுக்கு ஒரு தொகை நன்கொடை குடுக்கோணும். டிக்கெட் காசு தனி. 2017 வரைக்கும் அந்த நன்கொடையில 80 சதவீதத்துக்கு வருமான வரியில கழிவு வேற குடுத்தாங்களாம். ஆட்டம் பார்க்கறது தர்மக் கணக்குல சேந்துச்சு! அப்புறம் சட்டம் மாறி கழிவு போச்சு. நன்கொடை போச்சா? அதெப்படிப் போகும்.

படிக்கற பொடியங்க விசயத்துக்கு வர்றேன். அதுக்கு மிச்சிகன் காலேஜைப் பாத்துப் படிச்சுக்கோ. ஆன் ஆர்பர் ஊர்ல 1927-ல கட்டுன மைதானம், 1,07,601 பேரு உக்காரலாம். 1975 நவம்பர்லேர்ந்து, கொரோனா வருசத்தைத் தள்ளிப்போட்டா, ஒரு ஆட்டத்துக்குக்கூட லட்சத்துக்குக் கொறையாம கூட்டம்னு கணக்கு எழுதி வச்சிருக்காங்க. அங்க 2010-ல விளையாட்டுத் துறையைப் பாத்துக்க டேவ் பிராண்டன்னு ஒருத்தரு வந்தாரு. அதுக்கு முன்னால டாமினோஸ் பீட்சா கம்பெனிக்குத் தலைவரு. யாவாரம் தெரிஞ்ச மனுசன். மாணவருங்க நேரத்துக்கு வர்றதில்லைன்னு 2013-ல அவங்களுக்குச் சீட்டு நம்பரையே எடுத்துட்டாங்க. மொதல்ல வந்தவனுக்கு மொத எடம். அடுத்த வருசம் அவங்க சீசன் டிக்கெட்டு 300 டாலரை ஒட்டி வந்து நின்னுது. டீம் வேற அடி வாங்கிக்கிட்டே இருந்துச்சு. பையனுங்க ஆயிரக்கணக்குல டிக்கெட் வாங்கறதையே வுட்டுப்போட்டாங்க.

அப்பத்தான் வந்துச்சு அந்த அபார யோசனை. 2014 செப்டம்பர்ல, மின்னசோட்டாவோட ஆடற ஆட்டத்துக்கு, ரெண்டு கோக் பாட்டில் வாங்குனா ரெண்டு டிக்கெட் இனாம்! வருசா வருசம் நன்கொடை எழுதிக் குடுத்துட்டு, வரி ரசீதைப் பீரோவுல வச்சுப் பூட்டுன மனுசன் கடைக்குப் போய் அந்த இனாம் வெளம்பர அட்டையைப் பாத்திருப்பான்ல? அவன் மூஞ்சியை நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வருது. ஊரே சிரிக்கவும் அவசர அவசரமா அதை நிறுத்துனாங்க. அந்த ஆட்டத்துல மிச்சிகன் 30-க்கு 14-ன்னு தோத்துச்சு. அக்டோபர் 31-ஆம் தேதி பிராண்டன் ராஜினாமா பண்ணிட்டாரு. அதுக்கு வேற காரணங்களும் இருந்துச்சு, எல்லாத்தையும் கோக் பாட்டில் தலையில கட்டக் கூடாது.

பொறகு வந்தவங்களுக்குத் துணிச்சல் பத்தலை. 2015-க்கு மாணவர் டிக்கெட்டை ஏழு ஆட்டத்துக்கு 175 டாலர்னு எறக்கிப்போட்டாங்க. நீ அப்படியெல்லாம் எறங்கிறாதே சாமி. கன்னுக்குன்னு ஒரு காம்பு வுட்டுக் கறந்தோமே நாங்க, அது பட்டிக்காட்டுத்தனம். நீ நாலு காம்பையும் ஒட்டக் கற. அந்தப் பையன் வளந்து, கல்யாணம் கட்டி, புள்ளைகுட்டியோட 30 வருசம் அதே மைதானத்துக்கு வந்து நன்கொடை குடுப்பானா மாட்டானான்னு கேக்கறதுக்கு அன்னைக்கு அந்த நாற்காலியில நீயா இருக்கப் போறே?

கூட்டம் கொறைஞ்சா பயப்படாதே, அதுக்கும் வழி இருக்குது. ஆன் ஆர்பருக்குப் பக்கத்து ஊரு இப்சிலாண்டி. அங்க ஈஸ்டர்ன் மிச்சிகன்னு ஒரு காலேஜு. மேல் வகுப்புல ஆடோணும்னா சராசரியா 15,000 பேரு கூட்டம் காட்டோணும்னு அப்ப ஒரு விதி. ஆளுங்க வரலை. என்ன பண்ணுனாங்க தெரியுமா? பெப்சி ஒப்பந்தத்துல வந்த காசை எடுத்து, தங்க டிக்கெட்டைத் தாங்களே 3 டாலர் வீதம் வாங்கிக்கிட்டாங்க! ஒரு ஊர்ல கோக்கு, அடுத்த ஊர்ல பெப்சி. 2023-ல அந்த விதியையே எடுத்துட்டாங்களாம். பொய் எழுதற சிரமமும் மிச்சம்.

வந்தவனை எப்படி உக்கார வைக்கிறதுன்னும் யோசிச்சு வச்சுக்கோ. உங்கம்மா என்னை ஆன் ஆர்பர் மைதானத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனப்ப நவம்பர் மாசம். முதுகு சாயறதுக்கு ஒண்ணுமில்லாத அலுமினியப் பலகை. வேட்டிக்குள்ள ரெண்டு கால்சட்டை போட்டும் குளிரு ஏறுது. ஆட்டம் நல்லா சூடு புடிக்கற நேரத்துல செவப்புத் தொப்பி போட்ட ஒருத்தரு மைதானத்துக்குள்ள வந்து சிவனேன்னு நின்னாரு. ஆடறவன், அடிக்கறவன், நடுவரு எல்லாரும் அவரையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. டிவியில வெளம்பரம் ஓடுதாம்! வூட்டுல இருக்கறவன் அந்த நேரத்துல எந்திரிச்சுப் போய் காப்பி குடிச்சுட்டு வர்றான். காசு குடுத்து வந்தவன் லட்சம் பேரு, ஒரு தொப்பியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். டிவிக்காரன் குடுக்கறது கோடிக்கணக்கு டாலரு, அவன் நிறுத்துன்னா நிறுத்தித்தான் ஆகோணும். இப்படின்னா எவன் கடைசி வரைக்கும் இருப்பான்? அலபாமா காலேஜுல பையனுங்க பாதியில எந்திரிச்சுப் போறாங்கன்னு கோச் நிக் சேபன் கோவிச்சுக்கிட்டாரு. 2019-ல செல்போன்ல ஒரு ஆப் போட்டு, கடைசிக் கால் பாகம் வரைக்கும் மைதானத்துல இருந்தவனுக்குப் புள்ளி குடுத்தாங்க. ஆளு எங்க இருக்கான்னு போனே காட்டிக் குடுத்துரும். நம்ம பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அந்த வசதி இருந்திருந்தா நான் எட்டாவதாச்சும் முடிச்சிருப்பேன்.

ஆடற பசங்களுக்குச் சம்பளம் குடுக்கறது மட்டும் எனக்குக் கேலி பேச வரலை. காலு ஒடியறவனுக்குக் காசு சேரட்டும். 2025-26-ல ஒரு காலேஜு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும் ஆட்டக்காரங்களுக்குக் குடுக்கலாம்னு வழக்குல முடிவாச்சு. ஆனா டென்னசியில அதுக்குன்னே சீசன் டிக்கெட் மேல 10 சதவீதம் ‘திறமைக் கட்டணம்’னு ஏத்துனாங்க. டிவிக்காரன்கிட்டக் கேக்க நாக்கு வரலை, பலகையில உக்காந்தவன்கிட்ட மட்டும் வருது.

வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பேப்பர்காரங்க ஒரு வேலை பண்ணிட்டாங்க கண்ணு. காலேஜுங்ககிட்ட கேட்டு நிலவரத்தை வாங்கிப் பாத்திருக்காங்க. 2017 சீசன்ல இத்தனை பேரு வந்தாங்கன்னு அறிவிச்சதுல, வாசல்ல ஸ்கேன் ஆன டிக்கெட்டு சராசரியா 71 சதவீதந்தானாம். மிச்சப் பேரு காகிதத்துலயே ஆட்டம் பாத்துட்டு வூடு போயிட்டாங்க போல.

வர்ற சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் அப்புச்சிக்கு ஒரு போன் போடு சாமி. எத்தனை டிக்கெட் வித்தீங்கன்னு சொல்ல வேண்டாம். வாசல்ல எத்தனை ஸ்கேன் ஆச்சு, அதுல மாணவருங்க எத்தனை பேருன்னு அதை மட்டும் சொல்லு.